வீட்டிலிருந்து எழுதும் தேர்வைக் கண்காணிப்பது: கேமராவுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

அரசுப் பொதுத் தேர்வில் ஓர் அறைக்கு 20 மாணவர்கள், ஒரு கண்காணிப்பாளர் என்பது வழக்கம். அவர் வரிசைகளுக்கு இடையே நடக்கலாம், பின்னால் போய் நிற்கலாம், விடைத்தாளுக்கு அடியில் பிட் இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மேசை, ஒரே வெளிச்சம், ஒரே மணி. வீட்டிலிருந்து எழுதும் இணையவழித் தேர்வில் இவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இருப்பதில்லை. மாணவரின் முகமும் தோளும் தெரியும் ஒரு சிறு கட்டம்தான் கிடைக்கிறது.

பல பள்ளிகள் அந்தக் கட்டத்தை இன்னும் கூர்ந்து பார்ப்பதிலேயே முழு முயற்சியையும் செலவிடுகின்றன. அதில் கிடைக்கும் பலன் குறைவு. கேமரா எந்தக் கோணத்தில் இருக்கிறது, வினாத்தாள் எப்படிப் போய்ச் சேர்கிறது, விடைத்தாள் எப்படித் திரும்பி வருகிறது, இணைப்பு அறுந்தால் என்ன விதி ஆகிய நான்கையும் முந்தைய நாளே தீர்மானித்துவிட்டால், தேர்வு நேரத்தில் கண்காணிப்பாளர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தீர்மானிக்காமல் விட்டால் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தாலும் போதாது.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் இதை அவசரத்தில் கற்றுக்கொண்டன. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் வழியாக அலகுத் தேர்வுகள் நடந்தன. வினாத்தாள் குழுவில் வரும். வீட்டில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். கண்காணிப்பு என்று எதுவும் இல்லை. அந்த ஆண்டு பொதுத் தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. வாட்ஸ்அப் தேர்வுக்கென்று அதில் தனி இடம் இல்லை. பயிற்சிக்காக நடத்தும் தேர்வுக்குக் கண்காணிப்பு தேவையில்லை. மதிப்பெண் எங்காவது எண்ணப்படப் போகிறது என்றால் தேவை. எந்த வகைத் தேர்வு என்பதைப் பள்ளி முதலிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேமரா எங்கே?

லேப்டாப்பின் மூடியில் உள்ள வெப்கேம் முகத்தைத்தான் காட்டும். காப்பி அடிப்பது கையாலும் மேசையிலும் நடக்கும் காரியம். எழுத்துத் தேர்வுக்கு கேமரா பக்கவாட்டில், முன்புறமாகச் சாய்ந்த கோணத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, மேசையை விட ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். முகம், இரண்டு கைகள், விடைத்தாள் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். வலது கையால் எழுதுபவருக்கு இடப்பக்கம் வைத்தால்தான் கை தாளை மறைக்காது; இடது கைக்காரருக்கு மாற்றி. போனைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்து, நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் சாய்த்தால் போதும், ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. முன் கேமராவையே பயன்படுத்தச் சொல்லுங்கள். படத்தின் தரம் சற்றுக் குறையும், ஆனால் படத்தின் எல்லைக்குள் இருக்கிறோமா என்று மாணவரே பார்த்துக்கொள்ள முடியும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டு வெறும் நிழலாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்தபடி உட்காரச் சொல்வது எளிய தீர்வு.

இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறியபடியே வீடியோ ஓடினால் போன் சூடாகும். வெயில் படும் இடத்தில் வைத்தால் செயலி தானாக மூடிக்கொள்வதும் உண்டு. உறையைக் கழற்றி நிழலில் வைக்க வேண்டும். இன்னொரு தொல்லை, நடுவில் வரும் போன் அழைப்பு. அழைப்பு வந்ததும் பல போன்களில் வீடியோ நின்றுவிடும். வீட்டில் வைஃபை இருந்தால் ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப இயக்கச் சொல்லுங்கள். வைஃபை காலிங் வசதியும் அணைந்திருந்தால் சாதாரண அழைப்பு எதுவும் வராது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவில் எழுதுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் வீட்டாரிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் நேரத்தைச் சொல்லி வைப்பதே வழி.

ஒரே போன்தான் இருக்கிறது என்றால்

தமிழ்நாட்டில் பல வீடுகளின் நிலை இதுதான். இதை மனத்தில் வைக்காமல் போடும் விதி எதுவும் நிற்காது. ஒரு மீட்டர் தள்ளி கேமராவாக நிற்கும் போனில் வினாத்தாளைப் படிக்க முடியாது. அருகில் வைத்துப் படித்தால் கேமரா நெற்றியைத்தான் காட்டும். எழுத்துத் தேர்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளிக்கு அருகில் வசிப்பவர்கள் என்றால் அச்சிட்ட வினாத்தாளை ஒட்டிய உறையில் முன்பே பெற்றோரிடம் கொடுத்து, தேர்வு தொடங்கும்போது கேமரா முன் பிரிக்கச் சொல்லலாம். உறையின் ஒட்டுப் பகுதியில் பள்ளி முத்திரை குறுக்காக விழுந்திருக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்கு முதல் 15 நிமிடம் வினாக்களைத் தாளில் எழுதிக்கொள்ள மட்டும் ஒதுக்குங்கள். அதன் பிறகு போன் கேமரா இடத்துக்குப் போய்விடும், மறுபடி கையில் எடுக்கக் கூடாது. இந்த 15 நிமிடத்தைத் தேர்வு நேரத்தோடு கூட்டித்தான் தர வேண்டும். பத்து வினா, 50 மதிப்பெண் தாளுக்கு இது போதும். பத்தி பத்தியாக நீளும் வினா என்றால் போதாது, அதனால் வினாக்களைச் சுருக்கமாக அமைக்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் கொள்குறி வினாக்கள் என்றால் வேறொரு சிக்கல். மாணவர் ஃபார்மைத் திறக்க பிரவுசருக்குப் போனதும் ஜூம் கட்டம் கருப்பாகிவிடும். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன செயலி கேமராவைப் பயன்படுத்த இயங்குதளமே விடுவதில்லை என்பதே காரணம். இது தெரியாமல் மாணவர்களைத் திட்டிய ஆசிரியர்கள் நிறையப் பேர். திரையை இரண்டாகப் பிரித்து மேலே மீட்டிங், கீழே ஃபார்ம் என்று வைத்தால் பெரும்பாலான போன்களில் கேமரா தொடர்ந்து ஓடும். முந்தைய நாள் ஒத்திகையில் ஒவ்வொருவரையும் இதைச் செய்து பார்க்க வைக்க வேண்டும். யாருடைய போனில் வரவில்லையோ, அவருக்குப் பள்ளிக்கே வந்து எழுதும் வாய்ப்பைத் தரலாம்.

ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

ஜூமில் ஒரு திரையில் 49 கட்டங்கள் வரை தெரியும் என்பதால் வகுப்பு முழுவதையும் ஒருவரிடம் விட்டுவிடுகிறார்கள். 14 அங்குல லேப்டாப் திரையின் அகலம் 31 சென்டிமீட்டர். 49 பேர் என்றால் குறுக்கே ஏழு கட்டம், ஒவ்வொன்றும் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் பேனாவும் தெரியாது, மடியில் இருக்கும் போனும் தெரியாது. 12 முதல் 15 பேர் வரை ஒருவர் ஒழுங்காகப் பார்க்கலாம். 40 பேர் கொண்ட வகுப்புக்கு மூன்று கண்காணிப்பாளர்களும், தொழில்நுட்பச் சிக்கலுக்குப் போனில் பதில் சொல்ல நான்காவதாக ஒருவரும் தேவை. அந்த நான்காவது ஆள் இல்லாத தேர்வில், ஒரு மாணவரின் ஆடியோவைச் சரிசெய்யும் பத்து நிமிடம் மற்றவர்களை யாரும் பார்ப்பதில்லை.

ஒரே மீட்டிங்கைப் பிரேக்அவுட் ரூம்கள் எனும் சிறு அறைகளாகப் பிரிப்பதை விடத் தனித்தனி மீட்டிங் லிங்க் நல்லது. ஜூமின் கிளவுட் பதிவு முதன்மை அறையை மட்டுமே பதிவு செய்யும். கட்டணமில்லாக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூகுள் மீட்டில் இந்த வரம்பு ஒரு மணி நேரம்.

அமைப்புகளில் மூன்றைக் கட்டாயம் மாற்றுங்கள். சாட் ஹோஸ்டுக்கு மட்டும் போகும்படி வையுங்கள், இல்லையென்றால் மாணவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வார்கள். பெயர் மாற்றும் வசதியை நிறுத்தி, காத்திருப்பு அறையில் வரிசை எண்ணோடு பெயர் இருப்பவரை மட்டும் உள்ளே விடுங்கள். ஃபோகஸ் மோடைப் போடுங்கள். 2021-இல் ஜூம் கொண்டுவந்த இந்த வசதியில் ஆசிரியருக்கு எல்லோரும் தெரிவார்கள், மாணவர்களுக்கு ஆசிரியர் மட்டுமே தெரிவார். 40 பேர் தன் வீட்டைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் பிள்ளைகளுக்குப் போய்விடும். கூடவே டேட்டாவும் மிச்சமாகும். வினாடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வீடியோ அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 270 எம்பி செலவாகும். 25 கட்டங்களைப் பெற ஜூம் சொல்லும் அளவு வினாடிக்கு 2 மெகாபிட், அதாவது மணிக்கு 900 எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருக்கும் மாணவருக்கு, காட்சிகளைப் பெறுவதை நிறுத்தினால்தான் இரண்டு மணி நேரத் தேர்வு முடியும்வரை டேட்டா தாங்கும்.

எல்லோருடைய மைக்கையும் திறந்து வைப்பது பலன் தராது. ஐந்தாறு வீட்டு மிக்சிச் சத்தம் கலந்தால் எதுவும் காதில் விழாது. மியூட்டில் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஒரு நிமிடம் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரை, எப்போது என்பதை வரிசைப்படி வைக்க வேண்டாம்.

பூட்டும் மென்பொருளின் எல்லை

தேர்வுத் திரையைத் தவிர வேறெதையும் திறக்க விடாத மென்பொருள்கள் உண்டு. சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் இலவசமாகக் கிடைக்கிறது, மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தின் வினாடி வினாவோடு நேரடியாக இணையும். ஆனால் அது விண்டோஸ், மேக், ஐபேடு, ஐபோன்களில்தான் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. கூகுள் ஃபார்மின் பூட்டு வசதியும் பள்ளி நிர்வாகத்தின் கீழ் உள்ள குரோம்புக்கில் மட்டுமே வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில் எழுதும் வகுப்புக்கு இரண்டுமே உதவாது. லேப்டாப்பில் பூட்டினாலும் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு போனை அது பூட்டுவதில்லை. வினாவைப் படம் எடுத்துத் தேடுவதும், 2022 நவம்பருக்குப் பிறகு சாட்ஜிபிடியிடம் கேட்பதும் அந்த இன்னொரு போனில்தான் நடக்கிறது.

அதனால் வினாவை மாற்றுவது பூட்டை விட வலிமையானது. கணக்கு, இயற்பியல், வணிகவியலில் மாணவரின் தேர்வு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வினாவுக்குள் நுழைத்துவிடலாம்: ‘உங்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் க. ஒரு பொருளின் விலை 500 + க ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, பிறகு 10 சதவீதத் தள்ளுபடி தந்தால் வாங்குபவர் செலுத்துவது எவ்வளவு?’ 37-ஆம் எண்காரர் 41-ஆம் எண்காரரின் விடையை அப்படியே எழுத முடியாது. எக்செல்லில் ஒரு சூத்திரம் எழுதினால் 40 விடைகளும் திருத்துபவருக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். வழிமுறையை நண்பரிடம் கேட்டு எழுதலாமே என்றால், எழுதலாம்தான். அப்படியும் கணக்கைத் தானே போட்டாக வேண்டும். கொள்குறித் தேர்வில் வினா வரிசையையும் விடைத் தெரிவுகளையும் கலைத்து வையுங்கள். சமர்ப்பித்ததும் மதிப்பெண்ணும் சரியான விடையும் காட்டும் வசதியை நிறுத்துங்கள். இதை மறந்தால் முதலில் முடித்தவரின் ஸ்கிரீன்ஷாட் இரண்டு நிமிடத்தில் குழு முழுக்கப் போய்விடும்.

அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகத்தில் நேரில் நடக்கும் இணையத் தேர்விலும் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. அங்கே கணினிகள் பத்து, இருபதுதான். வகுப்பு அணி அணியாக எழுதும்போது, முதல் அணி வெளியே வரும்போதே வினாக்களும் வெளியே வந்துவிடும். எழுதி முடித்தவர்களும் காத்திருப்பவர்களும் சந்திக்காத வழியில் அனுப்புவதும், பெரிய வினா வங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேறு தொகுப்பு வரும்படி அமைப்பதும் இரண்டுமே வேண்டும்.

கரண்டும் இணைப்பும்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போகும் கரண்டு பிற்பகலில்தான் வரும். செய்தித்தாளில் முந்தைய நாளே பட்டியல் வந்துவிடுகிறது. மாணவர்கள் பல ஊர்களில் இருந்தால் தேதியைக் குறிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும், ரவுட்டர் பெரும்பாலும் அதில் இணைக்கப்பட்டிருக்காது.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு 2023 மார்ச் முதல் இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளில் டிஜிட்டலாக நடக்கிறது. அதன் புளூபுக் செயலிக்கு தேர்வைத் தொடங்கும்போதும் விடைகளைச் சமர்ப்பிக்கும்போதும்தான் இணையம் வேண்டும். நடுவில் இணைப்பு போனால் மாணவர் தொடர்ந்து எழுதலாம். பள்ளித் தேர்வுக்கும் இந்தத் தத்துவம்தான் சரி: இணைப்பு போனால் எழுதுவது நிற்கக் கூடாது.

விதியை எழுத்தில் வையுங்கள். 5 நிமிடத்துக்குள் திரும்பினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு விட்டுவிடலாம். 5 முதல் 15 நிமிடம் என்றால் தேர்வு முடிந்ததும் இரண்டு வாய்மொழி வினா. அதற்கு மேல் போனால் மாற்று வினாத்தாளில் மறுதேர்வு, மதிப்பெண் கழிவு எதுவும் கிடையாது. இணைப்பு அறுந்த மாணவர் முதலில் செய்ய வேண்டியது நான்காவது ஆளின் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு விடுப்பது. அந்த எண்ணை விடைத்தாளின் முதல் பக்க மூலையில் முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பார்வையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

கண்ணை விலக்கிப் பார்க்கும் மாணவர் காப்பி அடிக்கிறார் என்று பொருளில்லை. யோசிக்கும்போது மேலே பார்ப்பார்கள், எழுதும்போது கீழே. தம்பி கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் திரும்புவார்கள். இதையெல்லாம் மென்பொருள் சந்தேகம் என்று குறித்து வைக்கும். 2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இணையவழியில் நடந்த வழக்கறிஞர் தகுதித் தேர்வில் ஏறத்தாழ 9,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினரின் வீடியோ சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டது. ஆய்ந்து பார்த்தபோது மிகப் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். இணையத் தேர்வுக் கண்காணிப்புச் சேவை தரும் பிராக்டர்யூ நிறுவனம் 2021 மே மாதம், மனிதக் கண்காணிப்பாளர் இல்லாத முழு ஏஐ சேவையை விற்பதை நிறுத்தியது. மென்பொருள் குறித்துத் தந்தவற்றில் ஏறத்தாழ 11 சதவீதத்தைத்தான் கல்வி நிறுவனங்கள் திறந்தே பார்த்தன என்பதையும் அப்போது சொன்னது. இங்கே அண்ணா பல்கலைக்கழகம் 2020 முதல் ஏஐ கண்காணிப்போடு இணையத் தேர்வுகளை நடத்தியது. பின்னர் நடந்த பருவத் தேர்வில் ஏராளமானோர் தோல்வியடைந்ததாகவும் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டதாகவும் எழுந்த புகார்களைத் தொடர்ந்து, 2021 மே மாதம் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. முழுநேர ஊழியர்கள் உள்ள அமைப்புகளே தடுமாறிய கருவியை ஒரு பள்ளி மட்டும் நம்பி மதிப்பெண்ணைக் கழிப்பது அநியாயம்.

கண்காணிப்பாளர் செய்ய வேண்டியது, கண்டதைக் கண்டபடி எழுதுவது. ‘10.42: வரிசை எண் 17. வலது கை இரண்டு நிமிடம் படத்தில் இல்லை. சாட்டில் தெரிவித்தேன். 10.45: சரிசெய்தார்.’ இவ்வளவு போதும். ‘காப்பி அடித்தார்’ என்பது தீர்ப்பு, அது குறிப்பில் வரக் கூடாது. எல்லோர் காதிலும் விழும்படி பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. ‘கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கப்பா’ என்று அவருக்கு மட்டும் செய்தி அனுப்பினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு கேமரா தேர்வே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே விடை சொல்பவர் பெரும்பாலும் அம்மா. ஐந்து நிமிட வீடியோ அழைப்பில் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, நாலு கணக்கு வாயால் கேட்டால் ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் எவ்வளவு தூரம்?

அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் இது அந்தக் குடும்பத்துக்கே அவமானம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் மாணவர் ஒருவரின் படுக்கையறையை வெப்கேமில் சுற்றிக் காட்ட வைத்தது. அது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது, நியாயம் செல்லும். மேசையின் மேற்பரப்பு, இரண்டு பக்கம், மடி ஆகியவற்றைத் தொடக்கத்தில் ஒரு முறை காட்டினால் போதும். காதில் இயர்போன் இல்லை என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தேர்வின் நடுவில் ஒரு மாணவியிடம் கூந்தலை ஒதுக்கச் சொல்லக் கூடாது. வகுப்பு முழுவதும் மாணவிகள் என்றால் கண்காணிப்பவர் ஆசிரியையாக இருப்பது நல்லது. தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் இணைய வகுப்புகளைப் பதிவு செய்து ஆய்வு செய்ய வேண்டும், இரு தரப்பும் வகுப்பறைக்குரிய உடையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. தேர்வுக்கும் இதையே பின்பற்றலாம்.

தாள் திரும்பி வரும் நேரம்

மோசடிக்கு அதிக இடம் தருவது கடைசிப் பதினைந்து நிமிடம்தான். ‘ஸ்கேன் ஆகவில்லை, நெட் போய்விட்டது’ என்று சொல்லிவிட்டு விடுபட்ட விடையை எழுதிச் சேர்க்கலாம். உண்மையாகவே நெட் போனவரையும் அப்படிச் சொல்பவரையும் பிரித்தறிய முடியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. மணி அடித்ததும் எல்லோரும் பேனாவை கேமராவுக்குத் தெரியும்படி கீழே வைக்க வேண்டும். எழுதாத இடத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடித்த பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று வினாடி கேமரா முன் காட்டிவிட்டு, மொத்தப் பக்க எண்ணிக்கையைச் சாட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஸ்கேன். பதிவில் இருக்கும் பக்கமும் பிடிஎஃப்பில் வரும் பக்கமும் ஒத்துப் போனால், கோப்பு இரவு எட்டு மணிக்கு வந்தாலும் கவலை இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண், பக்க எண், கையெழுத்து கட்டாயம்.

போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பென்சில் படங்களும் அடுக்குக் குறிகளும் படிக்க முடியாமல் போகும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலி 2020 ஜூன் மாதம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 12 பக்கத்துக்கு 20 நிமிடம் தருவது நியாயம். முதல் முறை செய்பவருக்கு அரை மணி நேரம். டெல்லிப் பல்கலைக்கழகம் 2020-இல் நடத்திய புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில், எழுத 3 மணி நேரமும், தாளைப் பதிவிறக்கி ஏற்றுவதற்கு மேலும் ஒரு மணி நேரமும் கொடுத்தது.

சந்தேகக் குறிப்பு இருக்கும் மாணவர்களோடு, குறிப்பே இல்லாத இரண்டு மூன்று பேரையும் சேர்த்து மறுநாள் மூன்று நிமிட வாய்மொழித் தேர்வுக்கு அழையுங்கள். சேர்த்து அழைத்தால் யார் மீது சந்தேகம் என்பது வெளியே தெரியாது. அவர் எழுதிய விடைத்தாளையே காட்டி, ‘இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று கேளுங்கள். தானே எழுதியவர் சற்றுத் தடுமாறினாலும் சொல்லிவிடுவார்.

வீடியோ பதிவு பள்ளிக் கணக்கில் மட்டும் இருக்க வேண்டும், ஆசிரியரின் சொந்த போனிலோ லேப்டாப்பிலோ இருக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், தேர்வுக்கு முன்பே பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுவது நல்லது. எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மதிப்பெண் வெளியாகி, மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் நாளும் முடிந்து 30 நாளில் அழிப்பது போதுமானது. அழித்தவர் பெயரும் தேதியும் தேர்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும்.